கே99/ஆர்00: நாலு வருடக் கணக்கும் ஒரு ஸ்ட்ரெஸ் டாஸ்க் சிக்கலும்

மழைக்கால_மைனா கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். அமெரிக்காவில் போஸ்ட்டாக். வேலை பதின்வயது மனச்சோர்வு பற்றியது: எஃப்எம்ஆர்ஐ (மூளை இயங்குவதைக் காட்டுற ஸ்கேன்) உள்ளே ரிவார்டு டாஸ்க் (பரிசுக்கு மூளை எப்படி எதிர்வினை செய்யுதுன்னு பார்க்கிற சோதனை), வெளியே போனில் தினம் நாலு தடவை மனநிலை சர்வே. அமெரிக்க அரசின் மருத்துவ ஆராய்ச்சி அமைப்பான என்ஐஎச்சின் மனநலப் பிரிவு என்ஐஎம்எச்சுக்கு கே99/ஆர்00 போடணும் (கே99 மென்டர் கீழே பயிற்சிக் கட்டம், ஆர்00 அதுக்கப்புறம் சொந்த லேபுக்கான கட்டம்). கிரீன் கார்டு இல்லாததால் கே01, கே23ங்கிற மத்த பயிற்சி விருதுகள் இரண்டும் எனக்கு மூடின கதவு.

விவரம்: போஸ்ட்டாக் தொடங்கினது 2023 செப்டம்பர் 1, ஜே-1 விசாவில். 2025-ல் குழந்தை பிறந்தது, மூணு மாசம் விடுப்பு. திட்டத்தில் மூணு எய்ம் (ஆய்வு நோக்கம்). முதல் எய்ம், சோர்வு உள்ள, இல்லாத 14–17 வயதினரை ஒரே ரிவார்டு டாஸ்கில் ஒப்பிடுவது. இரண்டாவது, பாதிப் பேருக்கு டாஸ்குக்கு முன்னாடி ஆட்கள் எதிரில் பேச வைக்கிற ஸ்ட்ரெஸ் டாஸ்க், மீதிப் பேருக்குச் சாதாரண வாசிப்பு. யாருக்கு எது என்பது சீட்டுக் குலுக்கி முடிவாகும். மூணாவது ஆர்00 கட்டத்துக்கு: ஆறு மாசம் போன் சர்வேயோடு தொடர்வது.

2026 ஜூனில் போடவா, அக்டோபரில் போடவா? கட்டுரை ஒண்ணு இன்னும் ரிவ்யூவில் இருக்கு. இது கிளினிக்கல் ட்ரையலா இல்லையா? லேபில் ஆளுக்கொரு பதில் சொல்றாங்க. ஆர்00 பணம் ஒரு லேப் தொடங்கப் போதுமா?

---

கெடுநாள் எழுதியது:

முதல்ல தேதியைப் பார்ப்போம். நாலு வருஷக் கணக்கு முதல் விண்ணப்பத்துக்கு மட்டும்னு பலர் நினைச்சுக்கறாங்க. ரீசப்மிஷனுக்கும் (தேறாத விண்ணப்பத்தைத் திருத்தி மறுபடி போடறது) அதே கெடுதான். எந்த விண்ணப்பமானாலும், அதன் கடைசி நாளில் உங்க ஆராய்ச்சி போஸ்ட்டாக் காலம் 4 வருஷத்தைத் தாண்டியிருக்கக் கூடாது. உங்களுக்கு அது 2027 ஆகஸ்ட் 31.

புது விண்ணப்பத்துக்கு பிப்ரவரி 12, ஜூன் 12, அக்டோபர் 12. ரீசப்மிஷனுக்கு மார்ச் 12, ஜூலை 12, நவம்பர் 12. உங்க பல்கலைக்கழகம் இருக்கிற ஊர் நேரப்படி மாலை 5 மணி. 2026 அக்டோபர் 12 திங்கள், அரசு விடுமுறை; அதனால 13 ஆகும்.

ஜூனில் போட்டால் அக்டோபர்–நவம்பரில் ரிவ்யூ, கூட்டம் முடிஞ்சு ஒரு மாசம் போல சம்மரி ஸ்டேட்மென்ட் (ரிவ்யூவர்களோட கருத்துத் தொகுப்பு), 2027 மார்ச் 12 ரீசப்மிஷன். அக்டோபரில் போட்டால் 2027 பிப்ரவரி–மார்ச்சில் ரிவ்யூ, ஜூலை 12 ரீசப்மிஷன். இரண்டும் கெடுவுக்குள் அடங்கும். 2027 பிப்ரவரிக்குத் தள்ளினால் ரிவ்யூ ஜூன்–ஜூலையில் வரும். சம்மரி ஸ்டேட்மென்ட் கைக்கு வராமல் ரீசப்மிட் பண்ண முடியாது, ஜூலை 12 போயிடும், நவம்பருக்குள் கெடு தீர்ந்திருக்கும். ஒரே ஒரு வாய்ப்புதான் மிச்சம். முதல் தடவையே நிதி கிடைக்கிறவங்க குறைவு, ரீசப்மிஷன் இல்லாத கே99 பாதி விண்ணப்பம்னே சொல்லலாம்.

பிரசவத்தை ஒரே வரியில் சொல்லிட்டுப் போயிட்டீங்க. அதுதான் இங்கே பெரிய விஷயம். நாலு வருஷ காலத்துக்குள் குழந்தை பிறந்திருந்தால் என்ஐஎச் ஒரு வருஷம் நீட்டிப்பு தரும். எடுத்த விடுப்பு மூணு மாசம்தான்னாலும் நீட்டிப்பு முழு வருஷம். தானாக வராது, விண்ணப்பத்துக்கு முன்னாடியே என்ஐஎம்எச்சில் கேட்டு எழுத்தில் ஒப்புதல் வாங்கணும். கிடைச்சால் கெடு 2028 ஆகஸ்ட் 31.

கிடைச்சதும் நிம்மதியாக உட்கார்ந்திடாதீங்க. ஜே-1 ஆராய்ச்சியாளர் விசாவுக்கு 5 வருஷம் உச்ச வரம்பு, அதுவும் 2028 ஆகஸ்ட்டில் முடியுது. குழந்தைக்காக என்ஐஎச் தன் கடிகாரத்தை நிறுத்தும், விசா கடிகாரம் நிற்காது. அக்டோபர் 2026 விண்ணப்பம் முதல் தடவையே தேறினால் சீக்கிரமான தொடக்கம் 2027 ஜூலை. கே99 கட்டத்துக்குக் குறைஞ்சது 12 மாசப் பயிற்சி காட்டணும், 2028 ஜூலையில் முடியும், மயிரிழையில் தப்பும். ரீசப்மிஷனில் தேறினால் தொடக்கம் 2028 ஏப்ரல். அப்போ கையில் இருக்கிறது அஞ்சு மாச விசா. கே99 காலம் முழுக்க உங்க விசா செல்லும்னு உறுதி சொல்ல வேண்டிய பொறுப்பு பல்கலைக்கழகத்துடையது. அதனால எச்-1பி பேச்சை இந்த மாசமே சர்வதேச அலுவலகத்தில் தொடங்குங்க.

அதோட, ஜே-1ல் இரண்டு வருஷம் தாய்நாட்டில் இருக்கணும்ங்கிற நிபந்தனை ஒட்டியிருக்கான்னு டிஎஸ்-2019ங்கிற உங்க ஜே-1 படிவத்தைப் பாருங்க. எந்த நாட்டுக்காரங்களுக்கு, எந்தத் துறைக்கு இந்த நிபந்தனைன்னு சொல்ற திறன் பட்டியலை 2024 டிசம்பரில் புதுப்பிச்சாங்க, அதில் இந்தியா இல்லை. ஆனால் அரசுப் பணத்தில் வந்தவங்களுக்கு அந்த வழியாக நிபந்தனை இருக்கலாம். இருந்தால் வெய்வர் (விலக்கு) வாங்காமல் எச்-1பிக்கு மாற முடியாது.

---

காந்தக்குழாய் எழுதியது:

கிளினிக்கல் ட்ரையல் கேள்விக்கு வர்றேன். லேபில் ஆளுக்கொரு பதில் வர்றதுக்குக் காரணம், மருந்தோ சிகிச்சையோ இருந்தால்தான் ட்ரையல்னு நினைக்கறதுதான். என்ஐஎச் கேட்கிறது நாலு கேள்வி. மனிதர்கள் பங்கேற்கறாங்களா? அவங்களை முன்கூட்டியே ஏதாவது ஒரு இன்டர்வென்ஷனில் சேர்க்கறீங்களா? அந்த இன்டர்வென்ஷன் அவங்க மேல என்ன விளைவு உண்டாக்குதுன்னு அளக்கத்தான் ஆய்வா? அந்த விளைவு உடல்நலம் அல்லது நடத்தை சம்பந்தப்பட்டதா? நாலுக்கும் ஆம்னா ட்ரையல்.

உங்க முதல் எய்மில் டாஸ்க் வெறும் அளவுகோல், யாரையும் எதிலும் சேர்க்கலை. ட்ரையல் இல்லை. மூணாவதும் கவனிச்சுத் தொடர்வது மட்டும். இரண்டாவதுதான் வம்பு: குலுக்கிப் பிரிக்கறீங்க, அழுத்தம் கொடுக்கறீங்க, மூளையில் என்ன மாறுதுன்னு பார்க்கறீங்க. நாலுக்கும் ஆம். ஒரே எய்ம் ட்ரையல் ஆனாலும் விண்ணப்பமே ட்ரையல் ஆயிடும். உங்க நோக்கம் அடிப்படைப் புரிதல்தான், அதனால 'மனிதர்களிடம் அடிப்படை பரிசோதனை ஆய்வு'ன்னு தனியாக இருக்கிற நிதி அறிவிப்பு பொருந்தும். கே99க்கு மூணு தனி அறிவிப்பு உண்டு: ட்ரையல் கூடாதது, ட்ரையல் கட்டாயம், இந்த அடிப்படைப் பரிசோதனை. தப்பானதில் போட்டால் ரிவ்யூவுக்கே போகாமல் திருப்பிடுவாங்க, ஒரு சுற்று வீண். எந்த அறிவிப்பில் என்ஐஎம்எச் கலந்துக்குது, என்ன நிபந்தனை போடுதுன்னு பார்த்துட்டு, எய்ம்கள் எழுதின பக்கத்தை இணைச்சு ப்ரோக்ராம் ஆபீசருக்கு (உங்க துறை கிராண்டுகளைப் பார்த்துக்கிற என்ஐஎம்எச் அதிகாரி) மெயில் போடுங்க. கெடுவுக்கு இரண்டு மாசம் முன்னாடி. பதிலை எழுத்தில் வாங்கி வைங்க.

எய்ம் இரண்டை எடுத்துடலாமான்னு அடுத்த கேள்வி வரும். அறிவிப்பு மாறுதேன்னு பயந்து அறிவியலை வெட்டாதீங்க. ஆனால் 12 மாசத்துல இருந்து 24 மாசத்துக்குள் அந்த ஆட்களைச் சேர்க்க முடியுமான்னு மட்டும் கணக்குப் போடுங்க. வாரம் இரண்டு பேருக்கு மேல பதின்வயதினரை ஸ்கேனரில் ஏத்தறது கஷ்டம். பள்ளி நேரம், பல்லில் கம்பி, அசைவு, எல்லாம் கழிஞ்சு போகும். அசைவால் கழியறவங்களுக்கு ஒரு சதவீதம் முன்கூட்டியே சேர்த்துச் சொன்னால் ரிவ்யூவர் நம்புவார்.

மனநல விண்ணப்பங்களில் அடிக்கடி அடிவாங்கற இடம் பாதுகாப்புப் பகுதி. பிஎச்க்யூ-9ங்கிற மனச்சோர்வுக் கேள்வித்தாளோ அதன் பதின்வயது வடிவமோ வெச்சால் 9-வது கேள்வி தற்கொலை எண்ணம் பற்றியது. ராத்திரி 10 மணிக்குப் பையன் போனில் 'ஆம்'னு அழுத்தினால் அதை யார், எத்தனை மணிக்குள் பார்ப்பாங்க? இதுக்குப் பதில் இல்லாத விண்ணப்பத்துக்கு மனிதப் பாதுகாப்பில் 'ஏற்க முடியாது'ன்னு குறி விழும், அதைத் தீர்க்காமல் பணம் வராது. நேரடியாகக் கண்காணிக்க ஆள் இல்லைன்னா தினசரி சர்வேயில் அந்தக் கேள்வியை வைக்காதீங்க, லேப் வருகையில் மட்டும் வைங்க. தற்கொலை அபாயத்தை அளக்கிற கொலம்பியா அளவுகோலில் எந்த நிலைக்கு மேல போனால் லைசென்ஸ் உள்ள எந்த கிளினிஷியன் அதே நாளில் பேசுவார், எப்போ பெற்றோருக்குத் தெரிவிக்கப்படும், இரண்டையும் ஒப்புதல் படிவத்திலேயே பெற்றோருக்கும் பிள்ளைக்கும் சொல்லிடணும்.

இன்னொண்ணு, என்ஐஎம்எச் பணத்தில் எடுக்கிற மனிதத் தரவு அவங்க டேட்டா ஆர்க்கைவுக்குப் போகணும். வருஷத்துக்கு இரண்டு தடவை, ஜனவரி 15, ஜூலை 15. ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு குயிட் எண் (பெயருக்குப் பதிலான அடையாளக் குறியீடு) உருவாக்க, பிறந்தப்போ வெச்ச முழுப் பெயர், பிறந்த தேதி, பிறந்த ஊர், பிறப்புப் பாலினம் வேணும். அந்த விவரம் உங்க கணினியை விட்டு வெளியே போகாது, அதிலிருந்து உண்டாகிற குறியீடு மட்டும் போகும். முதல் நாள் படிவத்திலேயே இதைக் கேட்கலைன்னா இரண்டு வருஷம் கழிச்சு அறுபது குடும்பத்துக்கு போன் போட்டு 'பையன் எந்த ஊரில் பிறந்தான்'னு கேட்டுட்டு இருக்கணும்.

---

மழைக்கால_மைனா எழுதியது:

ரொம்ப நன்றி. நீட்டிப்பு விஷயம் சுத்தமாகத் தெரியாது. காந்தக்குழாய் அண்ணா, 9-வது கேள்வி தினசரி சர்வேயில் இருந்தது, இன்னைக்கே தூக்கிட்டேன்.

இன்னொரு சந்தேகம். மென்டர் லேபும் இதே ரிவார்டு டாஸ்க்தான் பண்ணுது. 'தனித்துவம்' எப்படிக் காட்டறது? 12 பக்கத்தை எப்படிப் பிரிக்கறது?

---

இரண்டாம்_ரிவ்யூவர் எழுதியது:

பேரைப் பார்த்து பயப்பட வேண்டாம். 12 பக்கம் என்பது உங்களைப் பற்றின பகுதியும் ஆராய்ச்சித் திட்டமும் சேர்த்து. 4½ – 7½ என்று பிரிப்பது நல்லது. எல்லோரும் உங்களைப் பற்றின பகுதியை இரண்டு பக்கத்தில் சுருக்கிவிட்டு முறைகளை ஒன்பது பக்கம் எழுதுகிறார்கள். அது ஆர்01 (சொந்த லேப் உள்ளவர்கள் கேட்கும் என்ஐஎச் ஆராய்ச்சி கிராண்ட்) பழக்கம். கே99-இல் மதிப்பிடப்படும் ஐந்து தலைப்புகளில் ஆராய்ச்சித் திட்டம் ஒன்றே ஒன்றுதான். மற்ற நான்கும் விண்ணப்பதாரர், பயிற்சித் திட்டம், மென்டர்கள், நிறுவனம். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 9 வரை. 1 தான் சிறந்தது. மொத்த மதிப்பெண் 10 முதல் 90. எத்தனை மதிப்பெண்ணுக்குள் வந்தால் நிதி என்ற கோட்டை என்ஐஎம்எச் வெளியிடுவதில்லை. ஆகவே 'என் 28 தேறுமா' என்று இணையத்தில் கேட்டுப் பயனில்லை, ப்ரோக்ராம் ஆபீசரைக் கேளுங்கள்.

தனித்துவம் பற்றி. ரிவ்யூவர் மனதில் ஓடுவது இதுதான்: ஐந்து வருடம் கழித்து இவரும் மென்டரும் ஒரே ஆர்01-க்கு மோதிக்கொள்வார்களா? மோதுவார்கள் என்று தோன்றிவிட்டால் எவ்வளவு நல்ல அறிவியலும் காப்பாற்றாது. டாஸ்க் ஒன்றாக இருப்பது குற்றம் இல்லை. உங்களுக்கென்று ஒரு கேள்வியும் அதற்கென்று ஒரு கருவியும் இருக்க வேண்டும். உங்கள் விவரத்தைப் பார்த்தால், ஸ்கேனரில் கற்றல் வேகத்தை மாடலிங் மூலம் அளந்து, அதே பிள்ளையின் அன்றாட மனநிலை ஏற்ற இறக்கத்தோடு இணைப்பதுதான் உங்கள் சொத்தாகத் தெரிகிறது. மென்டருக்கு போன் சர்வே இல்லை என்றால் அங்கேயே கோட்டைக் கிழியுங்கள்.

அந்தக் கோட்டை நீங்கள் மட்டும் கிழித்தால் போதாது, மென்டர் கடிதத்தில் இருக்க வேண்டும். 'இவருக்கு என் முழு ஆதரவு உண்டு' என்பது வெற்று வரி. 'போன் சர்வே – மாடலிங் பாதை இவருடையது. நான் அதில் நிதி கேட்க மாட்டேன். முதல் எய்மின் அடையாளம் நீக்கிய தரவையும் பகுப்பாய்வு நிரல்களையும் எடுத்துச் செல்வார்' என்று எழுதினால் அது கடிதம். கே99-இன் ஆராய்ச்சிச் செலவுப் பணம் சிறியது. ஸ்கேன் செலவில் மீதியை எந்தக் கிராண்டிலிருந்து தருகிறார் என்பதையும், அந்தக் கிராண்ட் எந்த வருடம் முடிகிறது என்பதையும் அவர் சொல்ல வேண்டும். மென்டர்கள் அனைவரின் கடிதங்களும் சேர்த்து 6 பக்கம்.

பயிற்சித் திட்டத்தில் 'ஒர்க்‌ஷாப்களில் கலந்துகொள்வேன்' என்று எழுதுகிறவர்கள் அடுத்த சுற்றில் மீண்டும் எழுதுகிறார்கள். என்ன திறன் இல்லை, யார் கற்றுத் தருவார், எந்தப் பாடம், மாதம் எத்தனை சந்திப்பு, கற்றுவிட்டீர்கள் என்பதற்கு அடையாளம் என்ன (ஒரு கட்டுரை, ஒரு நிரல் தொகுப்பு), இந்த ஐந்தும் ஒவ்வொரு திறனுக்கும் வேண்டும். மூன்று திறன்கள் போதும். ஆனால் ஏற்கெனவே கைவந்த திறனைப் பயிற்சி என்று எழுதினால் 'இவருக்கு கே99 எதற்கு, நேராக வேலைக்குப் போகலாமே' என்று கேட்பார்கள். எதுவும் தெரியாது என்று எழுதினால் 'இவர் இரண்டு வருடத்தில் தயாராக மாட்டார்' என்பார்கள். இந்த இடுக்கில்தான் கே99 நிற்கிறது.

ஆர்00 எய்ம், கே99 முடிவு சாதகமாக வந்தால்தான் நடக்கும் என்கிற மாதிரி அடுக்காதீர்கள். இரண்டாவது எய்மில் ஸ்ட்ரெஸ் விளைவு எதுவும் தெரியாவிட்டாலும் மூன்றாவது எய்ம் நிற்குமா? அதை ஒரு பத்தியில் சொல்லிவிடுங்கள். ஆய்வு நெறிமுறைப் பயிற்சிக்கு 1 பக்கம்: முறை, தலைப்புகள், ஆசிரியர் பங்கு, கால அளவு, எத்தனை முறை. குறைந்தது 8 மணி நேர நேரடிப் பயிற்சி. இணையப் பாடம் மட்டும் போதாது.

ஜூனா அக்டோபரா என்றால், என் ஓட்டு அக்டோபருக்கு. ரிவ்யூவில் இருக்கும் கட்டுரை முதல் ஆசிரியர் கட்டுரையாக இருந்தால் அதன் எடை அதிகம்.

---

கெடுநாள் எழுதியது:

அக்டோபருக்கு நான் ஒத்துக்க மாட்டேன். 2017-ல இருந்து ப்ரீபிரிண்ட்டை (ரிவ்யூ முடியறதுக்கு முன்னாடி இணையத்தில் போடற கட்டுரை) விண்ணப்பத்தில் காட்டலாம். கட்டுரை ஏற்கப்பட்ட செய்தி பின்னாடி வந்தால், ரிவ்யூ கூட்டத்துக்கு 30 நாள் முன்னாடி வரைக்கும் பல்கலைக்கழகம் வழியா அனுப்பி வைக்கலாம். நாலு மாசம் காத்திருந்தால் விசா கணக்கில் நாலு மாசம் போகுது, இவங்க விஷயத்தில் அது ரொம்ப விலை. ஜூன் விண்ணப்பம் தேறினால் 2027 ஏப்ரலில் தொடக்கம், ஜே-1லயே 17 மாசம் கிடைக்கும்.

---

கணக்குப்புத்தகம் எழுதியது:

பணம் பத்தி யாரும் பேசலை, நான் சொல்றேன்மா.

ஆர்00 வருஷத்துக்கு 2,49,000 டாலர் வரை, மூணு வருஷம். இது மொத்தத் தொகை, பல்கலைக்கழகத்தின் மறைமுகச் செலவும் (கட்டடம், நிர்வாகம் மாதிரி) இதுக்குள்ளேயே. கே99 கட்டத்தில் மறைமுகச் செலவு 8 சதவீதம் மட்டும். ஆர்00-ல் புதுப் பல்கலைக்கழகத்தின் முழு விகிதம். அது 55 சதவீதம்னு வெச்சுக்கோங்க, கைக்கு வர்றது சுமார் 1,60,600. ஒரு போஸ்ட்டாக்குக்கு 2025-ன் என்ஐஎச் அடிப்படைச் சம்பளம் 62,232, சலுகைகள் 25 சதவீதம் சேர்த்தால் 77,800. அறுபது பேருக்கு ஆளுக்கு ஒன்றரை மணி ஸ்கேன், மணிக்கு 600னு போட்டால் 54,000. பங்கேற்கிறவங்களுக்கு ஆளுக்கு 250 கொடுத்தால் 15,000. மிச்சம் 13,800 சொச்சம். இதிலிருந்து உங்க சம்பளத்தில் ஒரு பங்கையும் எடுத்தால் கணக்கு கவிழும். அதனால வேலை பேசும்போதே, ஆர்00 கேட்கிற 75 சதவீத ஆராய்ச்சி நேரத்துக்கான சம்பளத்தை யார் தர்றாங்கன்னு ஆஃபர் லெட்டரில் எழுத வைக்கணும்.

'உங்ககிட்டதான் ஆர்00 இருக்கே'ன்னு லேப் தொடங்கப் பல்கலைக்கழகம் தர்ற ஸ்டார்ட்-அப் தொகையைக் குறைக்கப் பார்ப்பாங்க. என்ஐஎச் விதிப்படி அப்படிக் குறைக்கக் கூடாது. ஆர்00 கேட்கும்போது புது நிறுவனம் தர்ற கடிதத்தை ப்ரோக்ராம் ஆபீசர் இந்தக் கண்ணோடதான் படிப்பார். ஆர்00 தானாகவும் வராது. தொடங்கற தேதிக்கு இரண்டு மாசம் முன்னாடியே அந்த விண்ணப்பம் போகணும்.

அவசரத்தில் கெட்டுப் போகிற இடம் ஒண்ணு இருக்கு. கே99 விருதுக் கடிதம் வர்றதுக்கு முன்னாடி உதவிப் பேராசிரியர் வேலையை ஏத்துக்கிட்டால் கே99ம் கிடையாது, ஆர்00வும் கிடையாது. கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி ப்ரோக்ராம் ஆபீசரைக் கூப்பிடுங்க. ஜே-1 ஆராய்ச்சியாளர் விசாவில் டென்யூர்-ட்ராக் (பின்னாடி நிரந்தரமாகக்கூடிய பேராசிரியர்) வேலை பார்க்க முடியாதுங்கிறதையும் கெடுநாள் சொன்னதோட சேர்த்துக்கோங்க. ஆர்00 அமெரிக்க நிறுவனத்துக்கு மட்டும்தான். இந்தியாவில் மனநல ஆராய்ச்சி பண்ற நிம்ஹான்ஸோ சென்னை ஸ்கார்ஃபோ போறதுன்னா அந்தப் பணம் உங்களோட வராது, டிபிடியின் (இந்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறை) ராமலிங்கசுவாமி ஃபெலோஷிப், இந்தியா அலையன்ஸ் ஃபெலோஷிப் பக்கம் பார்க்கணும்.

கூடவே பிபிஆர்எஃப்ங்கிற அமெரிக்க அறக்கட்டளை தர்ற இளம் ஆராய்ச்சியாளர் கிராண்டும் போடுங்க. வருஷம் 35,000 டாலர் வரை, இரண்டு வருஷம், மனநோய் ஆராய்ச்சிக்கென்றே உள்ளது, குடியுரிமை பார்க்க மாட்டாங்க. சின்னத் தொகைதான். எய்ம் இரண்டின் முன்னோட்டத் தரவுக்குப் போதும்.

---

மழைக்கால_மைனா எழுதியது:

ஜூனுக்கே போறேன். அக்கா, கடைசியா ஒண்ணு: பரிந்துரைக் கடிதத்தை மென்டரும் கோ-மென்டரும் தந்தால் எண்ணிக்கையில் சேருமா?

---

கணக்குப்புத்தகம் எழுதியது:

சேராது. அவங்க ரெண்டு பேரையும் தவிர்த்து குறைஞ்சது 3 பேர், அதிகபட்சம் 5. இந்தக் கடிதங்கள் விண்ணப்பத்தோட போறதில்லை, எழுதறவங்களே ஈஆர்ஏ காமன்ஸ்ங்கிற என்ஐஎச் இணையத்தளத்தில் ஏத்தணும். அதுக்கு உங்க காமன்ஸ் பெயரும் அறிவிப்பு எண்ணும் அவங்களுக்கு வேணும். இரண்டையும் ஒரே மெயிலில், சரி பார்த்து அனுப்புங்க. எண் தப்பானால் கடிதம் உங்க விண்ணப்பத்தோட சேராது. கெடுவும் அதே நாள், மாலை 5 மணி, தாமதத்துக்கு மன்னிப்பு இல்லை. ரீசப்மிஷனுக்கு எல்லாரும் புதுசா ஏத்தணும்னு இப்பவே சொல்லி வைங்க.

ஆர்கிட் எண்ணை (ஆராய்ச்சியாளருக்கான அடையாள எண்) காமன்ஸோட இணைச்சிருக்கணும், இல்லைன்னா கணினியே ஏத்துக்காது. உங்க கிராண்ட்ஸ் ஆபீஸ் உள்கெடு எத்தனை நாள்னு கேளுங்க, 5 முதல் 10 வேலை நாள் முன்னாடி கேட்பாங்க. ஏத்தின பிறகு விண்ணப்பத்தைப் பார்த்துத் திருத்த 2 வேலை நாள் உண்டு, ஆனால் அது ஜூன் 12 மாலை 5 மணியைத் தாண்டி நீளாது. அதனால 9-ஆம் தேதியே ஏத்திடுங்க.